தோத்த பந்து தொங்கிய வாசல்கள்

மிக்கேல்துறையில் கால்பந்துக் கிரவுண்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரிசைத் தென்னையைத் தவிர வேறு எல்லை கிடையாது, அதனால் அங்கே ஆடுகிறவனுக்குக் கால் எவ்வளவு முக்கியமோ காதும் அவ்வளவு முக்கியம். சாயங்காலக் காற்று கிளம்பிவிட்டால் கோல் காக்கிற கோலி கூப்பிடுவது முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரனுக்குக் கேட்காது, தடுப்பாட்டக்காரன் திட்டுவது ரெஃபரிக்குக் கேட்காது, அது ஒரு வகையில் நல்லதுதான், ஆனால் தென்னைகளில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர்களிலிருந்து வருகிற இஞ்ஞாசியின் குரல் மட்டும் எந்தக் காற்றையும் பிளந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்.

இஞ்ஞாசிக்கு ஊரில் மைக்கு இஞ்ஞாசி என்று பெயர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிற தொழில், அதோடு பந்தாட்டம் நடந்தால் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பது. அது தொழில் இல்லை, அது அவன் மூச்சு. பிள்ளைகள் அழுதுகொண்டு பிறக்கும், இவன் பேசிக்கொண்டு பிறந்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணம் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், அவன் வாயை மூடினால்தானே பெண் வீட்டுக்காரர்கள் சம்மதம் சொல்வதற்கு இடம் கிடைக்கும் என்பார்கள். சொந்தம் என்று இருந்தது தங்கச்சி டெல்பின் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்ததும் நேரே டெல்பின் வீட்டுக்குப் போய், அடுக்களையில் கிடக்கிற குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் தின்பான். வாரத்தில் அவன் பேசாமல் இருக்கிற ஒரே நேரம் அதுதான், அந்த அமைதிக்காகவே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்ப்பார்கள்.

டெல்பினின் மாப்பிள்ளை வறுவேல். மிக்கேல்துறைக் கழகத்தின் பேக்கு அவன்தான், அதாவது கோலிக்கு முன்னால் நின்று வருகிறதையெல்லாம் அடித்து வெளியேற்றுகிறவன். பேச்சு குறைவு. கடலில் வலை இழுக்கும்போதும் பேசமாட்டான், கரையில் மீன் ஏலம் போகும்போதும் பேசமாட்டான், வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று டெல்பின் வீட்டு வாயைத் தானே எடுத்துக்கொண்டாள்.

இனி அந்த ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரைக் காக்கிற வானதூதரான மிக்கேல் சம்மனசு திருவிழாவில் நடக்கிற கடைசி ஆட்டத்தில் ஊர் தோற்றுப்போனால், அந்த ஆட்டத்துப் பந்தை யாரால் தோற்றோமோ அவன் வீட்டு வாசல் நிலையில் கயிறு போட்டுத் தொங்கவிடுவார்கள், அடுத்த திருவிழா வரைக்கும் அது அங்கேதான் தொங்கும். அந்த வீட்டுக்காரனை யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள், கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள், ஆனால் அந்த வழியாகப் போகிற ஒவ்வொருத்தனும் பந்தை ஒரு விரலால் தட்டிவிட்டு "ம்" என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த "ம்" இருக்கிறதே, அதைத் தாங்குவதைவிட நாலு ஏச்சு வாங்கிக்கொள்ளலாம். ஏன் இப்படி ஒரு வழக்கம் என்றால் யாருக்கும் தெரியாது. தோல்வியை ஒரு வாசலில் கட்டிப்போடாவிட்டால் அது ஊரெல்லாம் சுற்றும் என்று மட்டும் சொல்வார்கள்.

அந்த வருசம் கடைசி ஆட்டம் கொச்சுத்துறையோடு. ரெண்டு பக்கமும் கோல் இல்லை, ரெஃபரி வாட்சைப் பார்க்கத் தொடங்கிவிட்டார், கோயிலில் ஜெபமணி அடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது, அப்போது கடல் பக்கத்து மூலையிலிருந்து கொச்சுத்துறைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அடித்த பந்து காற்றில் வளைந்து, எல்லோர் தலையையும் தாண்டி, வறுவேலின் முன்னால் வந்து ஒரு குத்து குத்தி எழுந்தது. வறுவேல் காலைத் தூக்கினான். தூக்கின காலை அப்படியே இறக்கிவிட்டான். பந்து அவனைத் தாண்டி, வீடு தெரிந்த விருந்தாளி போல அவசரமில்லாமல் உருண்டு வலைக்குள் போனது. கோலி கிளீட்டஸ் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெஃபரி விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். எல்லா ஸ்பீக்கரிலும் இஞ்ஞாசியின் குரல் வந்தது:

"வறுவேலு, என்ன காரியம்லே செஞ்சே."

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலேட்டு உடைந்தாலும் அதையேதான் சொன்னார்கள்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஊர் முழுக்கச் சிலுவை நிற்கிற குருசடிப் படியில் கூடிவிட்டது, பந்து யார் வாசலுக்கு என்று தீர்க்க. இப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். முன்னால் ஆடினவன் ரெண்டு தடவை காலியான கோலுக்கு வெளியே அடித்தானே, அவனை விட்டுவிட்டு வறுவேலைப் பிடிப்பது என்ன நியாயம் என்று ஒருத்தர். கோலி என்று ஒருத்தன் எதற்கு, கோல் கம்பத்துக்குத் துணையாகவா என்று இன்னொருத்தர். நான் வெளியே வர நினைத்தேன், பேக்கு அங்கே நிற்கிறானே என்று நின்றேன் என்றான் கிளீட்டஸ். ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிற ரோக்கி எழுந்து நின்றான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"ஓய், சும்மா வளைச்சு வளைச்சுப் பேசாதியும். தூக்குன கால எவனாவது இறக்குவானா? நானா இருந்தா கண்ண மூடிட்டு ஒரு இழுப்பு இழுத்திருப்பேன். பந்து இந்நேரம் கொச்சுத்துறைக்கே போய்ச் சேந்திருக்கும்."

கடைசியில் எல்லோரும் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள், முழு ஆட்டத்தையும் ஒரு கணம் விடாமல் சொன்னவன் அவன்தானே. இஞ்ஞாசி தொண்டையைச் செருமினான். தங்கச்சி மாப்பிள்ளை என்று பாராமல் சொல்கிறேன், தவறு வறுவேல் மேல்தான் என்றான். நியாயத்தில் சொந்தம் பார்க்காத மனுசன் என்று ரெண்டு பேர் மெச்சினார்கள், அந்த மெச்சல் அவனுக்கு அந்த நேரத்தில் இனிப்பாக இருந்தது. வறுவேலிடம் கேட்டபோது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"காலு எனக்கதுதான்."

பந்தைக் கட்டுவதற்கு ஊர் போனபோது டெல்பின் நிலையில் கை ஊன்றி நின்றாள். ஊரைத் தடுக்கவில்லை. அண்ணனை மட்டும் பார்த்தாள்.

"இந்தப் பந்து எனக்க வாசல்ல தொங்குததுக்கு உனக்க வாய்தான் காரணம். இனிமே ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வராத. உனக்கு இங்க கிழங்கும் கெடையாது, மீனும் கெடையாது."

இஞ்ஞாசி அதை ஒரு கோபப் பேச்சு என்றுதான் நினைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனான், கதவு சாத்தியிருந்தது, உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை மட்டும் வெளியே வந்தது. வாசலில் தொங்குகிற பந்தைத் தட்டிவிட்டு "ம்" சொல்ல அவனால் முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்துக் குடித்தான். தனியாகக் கஞ்சி குடிக்கும்போது பேசுவதற்கும் ஆளில்லை, பேசாமல் இருப்பதிலும் சுகமில்லை.

வறுவேல் கிரவுண்டு பக்கமே போகவில்லை. அடுத்த வருசம் ஆட மாட்டேன் என்று பூட்ஸைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டான்.

அந்த வாரத்தில் ஒரு நாள், ஜெபமணிக்குக் கொஞ்சம் முந்தி, வறுவேல் வீட்டு வாசலில் தொங்கின பந்து கயிற்றை விட்டு இறங்கி, படியில் ஒரு குத்து குத்தி, தெருவோரமாக மனுசர் நடக்கிற வேகத்தில் உருண்டு போனது. சந்தை முக்கில் மினிபஸ் வந்தபோது ஒதுங்கி நின்று வழிவிட்டது. பஸ் போனதும் மறுபடி உருண்டது. சாயாக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள், "பந்து போவுது" என்றார் ஒருத்தர், "கிரவுண்டுக்காத்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர், சாயாவை ஆற்றினார். அது கிரவுண்டுக்குத்தான் போனது. கடல் பக்கத்து மூலையில் போய் நின்றது, யாரோ அடித்த மாதிரி எழும்பியது, காற்றில் வளைந்தது, வறுவேல் நின்ற இடத்துக்கு முன்னால் ஒரு குத்து குத்தியது, உருண்டு வலைக்குள் போனது. அப்புறம் சாதாரணப் பந்து போலக் கிடந்தது. பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி வறுவேல் வாசலில் கட்டினார்கள்.

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது.

மற்ற ஊராக இருந்தால் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பார்கள், பத்திரிகைக்காரர் வந்திருப்பார். மிக்கேல்துறையில் உடனே எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பந்து தானாக வருகிறது, நிற்க ஆள் வேண்டாமா? பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். சாமியார் மோவாயைத் தடவிக்கொண்டு, ஜெபத்துக்கு இடைஞ்சல் இல்லை, மணி அடிப்பதற்கு முன்னால் கோல் விழுந்துவிடுகிறது, அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டார்.

முதலில் நிற்க வேண்டியவன் யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ரோக்கியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் நிறுத்தினார்கள். ரோக்கி வேட்டியை மடித்துக் கட்டினான், பந்து வளைந்து வந்தது, குத்தியது, ரோக்கி காலைத் தூக்கினான். தூக்கின காலை இறக்கிவிட்டான். பந்து உள்ளே போனது. ரோக்கி நின்ற இடத்திலேயே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான், அப்புறம் தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தான், அங்கே ஒன்றும் இல்லை, திருவிழா முடிந்ததுமே இஞ்ஞாசி ஸ்பீக்கர்களை இறக்கித் தன் ஷெட்டில் அடுக்கிவிட்டான்.

"என்ன மக்கா, கண்ண மூடிட்டு இழுப்பேன்னியே, என்ன ஆச்சு?" என்று கேட்டார் கூட்டத்தில் ஒருத்தர்.

"போய் நின்னு பாரும்வே," என்றான் ரோக்கி.

விட்டவன் வாசலில்தான் பந்து தொங்க வேண்டும், வழக்கம் வழக்கம்தானே, அதனால் அன்றைக்குப் பந்து வறுவேல் வீட்டுக்குத் திரும்பாமல் ரோக்கி வீட்டு வாசலுக்குப் போனது. மறுநாள் பந்து ரோக்கி வாசலிலிருந்து இறங்கி வந்தது, கிளீட்டஸின் மாமனார் நின்றார், அவரும் காலைத் தூக்கி இறக்கினார், பந்து அவர் வாசலுக்குப் போனது. இப்படியே ஊர்வலம் தொடங்கிவிட்டது. வலை கட்டுகிறவர்கள் நின்றார்கள், ஏலக்காரர் நின்றார், சத்துணவு ஆயா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள், நான் பந்தே தொட்டதில்லை என்று சொன்ன சாமியாரும் அங்கியோடு வந்து நின்று கோலை விட்டுவிட்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் வாசலில் கொண்டுபோய்க் கட்டினார். நேற்றுப் பந்து தொங்கின வீட்டுக்காரர்கள் இன்றைக்குத் தொங்குகிற வீட்டுக்கு ஒரு பாத்திரம் மீன் குழம்பு கொண்டுபோவது என்று ஒரு பழக்கம் தானாக வந்தது. ஒரு காலத்தில் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்குள்கூடக் குழம்பு போகத் தொடங்கியது. போகிறவன் வருகிறவன் சொல்கிற அந்த "ம்" மெதுவாக நின்றுபோனது, ஏனென்றால் இன்றைக்குத் தட்டிவிட்டு "ம்" சொன்னால் நாளைக்குத் தன் வாசலில் அது திரும்பக் கேட்கும். பந்தைத் தட்டுகிறவர்கள் இப்போது "இன்னைக்கு என்ன மீனு?" என்று கேட்டார்கள்.

நின்றுவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், போய் நின்னு பாரும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் இஞ்ஞாசி ஒன்றைக் கவனித்தான்: அந்த இடத்தில் நின்றுவிட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் தன் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்துவிடுகிறது. ரோக்கி வழியில் மறித்து "அண்ணே, ஒரு சாயா குடிப்பம்" என்றான், காசைத் தானே கொடுத்தான், ரோக்கி காசு கொடுத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஏலக்காரர் ஒரு பொட்டலம் இறால் கொடுத்தனுப்பினார். மழைக்கு ஒழுகுகிற மைக் ஷெட்டின் கூரையைக் கேட்காமலே நாலு பேர் வந்து வேய்ந்து கொடுத்தார்கள். சாமியார் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார், அதுவும் ஒரு புதன்கிழமை, சும்மா ரோட்டில் வைத்து. அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, நான் சொன்ன தீர்ப்பு எவ்வளவு சரியானது என்று, அந்த மரியாதைதான் இது என்று இஞ்ஞாசி நினைத்துக்கொண்டான். நினைப்பதற்குச் சந்தோசமாகவும் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தச் சந்தோசம் கஞ்சிக்குள் கரைந்துபோகும். இறாலை வைத்துக்கொண்டு என்ன செய்ய, டெல்பின் கையால் அரைத்த தேங்காய் அதில் விழவில்லையே.

"நீரு ஒருநாள் நிக்கலியா?" என்று கேட்டால், நான் பேசுகிறவன், ஆடுகிறவன் இல்லை என்பான். முட்டி வலி என்பான். உள்ளுக்குள் பயம்தான். ஊருக்கே தீர்ப்புச் சொன்னவன் தானும் கோலை விட்டால் அப்புறம் என்ன முகத்தோடு மைக்கைப் பிடிப்பது.

மழைக்காலம் முடிந்து கடல் தெளிகிற வரைக்கும் பந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நிற்காதவர்கள் என்று மூன்று பேர்தான் மிச்சம்: டெல்பின், வறுவேல், இஞ்ஞாசி. எங்கள் வாசலில்தான் முதலிலேயே தொங்கிவிட்டதே என்று டெல்பின் ஒதுங்கியிருந்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"எனக்க மாப்பிள நின்ன இடம் எப்பிடித்தான் இருக்குன்னு பாக்கணும்," என்றாள்.

இஞ்ஞாசி தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். பந்து வளைந்து வந்தது. டெல்பின் காலைத் தூக்கவே இல்லை. பந்து வருவதற்கு முன்னாலேயே இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள், ஏதோ ஒன்றை நன்றாகக் காதில் வாங்குகிறவள் மாதிரி. பந்து உள்ளே போனது. அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு வரும்போது தென்னைமரத்துக்கு நேரே வந்து நின்றாள். பேச்சு நின்று இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"நாளைக்கு எனக்க அண்ணன் நிக்கட்டும்."

எனக்க அண்ணன் என்று சொல்லிவிட்டாள். அது மட்டும்தான் இஞ்ஞாசியின் காதில் விழுந்தது. அது மட்டுமா, நாளைக்குப் பந்து நம் வாசலுக்கு வந்தால் முந்தின நாள் தொங்கின வீட்டுக் குழம்பு வர வேண்டும், அந்த வீடு டெல்பின் வீடு. சாளையாகத்தான் இருக்கும், இப்போது சாளை சீசன். முட்டி வலி அன்றைக்கு ராத்திரியே போய்விட்டது.

மறுநாள் ஊரே கிரவுண்டில் கூடிவிட்டது, வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம், ஆனால் சத்தம் குறைவு. இஞ்ஞாசி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் போய் நின்றான். இது என்ன பெரிய வித்தை, பந்து வந்தால் காலைத் தூக்கு, தூக்கின காலை இறக்காதே, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பந்து மூலையில் வந்து நின்றது. எழும்பியது.

எழும்பின உடனே அன்றைய நாள் மொத்தமும் அவன் காதில் வந்து விழுந்தது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சல், கடல், கொச்சுத்துறைக்காரர்களின் கூச்சல், பின்னால் கிளீட்டஸ் எதையோ கத்துகிறான், காற்று அதைத் தின்றுவிடுகிறது. பந்து குத்தியது. இஞ்ஞாசி காலைத் தூக்கினான். அப்போது வெறும் தென்னைகளிலிருந்து, இல்லாத ஸ்பீக்கர்களிலிருந்து, அந்தக் குரல் வந்தது.

"கார்னர் வருது, வருது, கிளீட்டஸு வந்துட்டான், பந்து கிளீட்டஸு கையில, ஆபத்து கழிஞ்சுது மக்களே."

இஞ்ஞாசி தன் குரலை மைக்குக்குப் பின்னாலிருந்துதான் கேட்டிருக்கிறான், கிரவுண்டுக்குள் நின்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன ஒரு குரல். இத்தனை நம்பிக்கையாக ஒரு ஆள் சொன்னால், கடல் வற்றிவிட்டது என்று சொன்னாலும் நம்பத்தான் வேண்டும். கால் தானாக இறங்கியது. பந்து அவனைத் தாண்டிப் போனது, கிளீட்டஸ் எங்கேயும் வந்திருக்கவில்லை, பந்து யார் கையிலும் இல்லை. வலை அசைந்தது. அப்புறம் அதே குரல், ஒரு கூச்சமும் இல்லாமல்: "வறுவேலு, என்ன காரியம்லே செஞ்சே."

அவன் வாய் ஓயாமல் பேசுகிற வாய். கடல் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள், அதுபோல அவன் சொன்னதை அன்றைக்குக் கூட்டத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, சொன்ன அவனே கவனிக்கவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரே ஒருத்தன்தான் கேட்டிருக்கிறான்.

இஞ்ஞாசி திரும்பிப் பார்த்தான். ரோக்கி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏலக்காரர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் செபமாலையில் மும்முரமாக இருந்தார். சாயா, இறால், கூரை எல்லாம் அப்போது அவனுக்கு விளங்கியது. ஊர் மொத்தமும் ஒவ்வொருத்தராக வந்து அதைக் கேட்டிருக்கிறது, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது, அழுகை முட்டியது, அவர்கள் மேல் சொல்லமுடியாத பிரியமும் வந்தது.

பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், டெல்பின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் துண்டு சுற்றின அலுமினியப் பாத்திரம். இஞ்ஞாசி அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அவள் பாத்திரத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அழுதுட்டே தின்னா தொண்டையில முள்ளு கேறும். ஒண்ணு அழு, இல்ல தின்னு."

"உனக்குக் கோவம் இல்லியா தங்கச்சி?"

"கோவம் வந்துது. பொறவு உனக்க கொரலு அங்க நின்னு கேட்டப்போ சிரிப்பும் வந்துது. ஆபத்து கழிஞ்சுதாம்." அவள் மறுபடி தலைப்பால் வாயை மூடினாள்.

வறுவேல் கயிற்றோடு வந்தான். பந்தை வாங்கி நிலையில் கட்டினான், முடிச்சைச் சரிபார்த்தான். இஞ்ஞாசி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"மாப்ள, அன்னைக்குக் குருசடியில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன செஞ்சிருப்பாவ?"

"மைக்கப் பிடுங்கியிருப்பாவ."

"அதுக்குத்தான் சொல்லல."

"அதுக்காவ எனக்க தப்ப நீ வாசல்ல தொங்கவிடணுமா?"

வறுவேல் படியில் உட்கார்ந்தான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி டெல்பினே கேட்டதில்லை.

"சொன்னது உனக்க வாயி. நம்புனது எனக்க காது. இறங்குனது எனக்க காலு. இதுல யாருக்கு எவ்வளவுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல மச்சான். உனக்க கொரலு கேட்டுத்தான் நான் பந்து பழகுனேன். நீ பேசாத கிரவுண்டுல எனக்கு ஆடத் தெரியாது."

"நான் இனிமே மைக்கத் தொடமாட்டேன்."

"நாளைக்கு நான் நிக்கேன்," என்றான் வறுவேல். "ஸ்பீக்கரக் கெட்டி வையி."

மறுநாள் இஞ்ஞாசி ஷெட்டிலிருந்து ஒரே ஒரு குழாயை எடுத்துத் தூசி தட்டி, கடல் பக்கத்துத் தென்னையில் கட்டினான். வறுவேல் பரணிலிருந்து எடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து, திருவிழாவுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த இடத்தில் நின்றான், இஞ்ஞாசி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளீட்டஸ் தன் இடத்தில் நின்றான். பந்து இஞ்ஞாசி வாசலிலிருந்து இறங்கி, வரும் வழியில் ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஒதுங்கி, மூலைக்கு வந்து, எழும்பியது.

பழைய குரல் எப்படியும் சொல்லும், கிளீட்டஸ் வந்துவிட்டான் என்று. அதற்கு முந்த வேண்டும். ஆனாலும் இஞ்ஞாசி அவசரப்படவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசுவதற்கு முன்னால் பார்த்தான். கிளீட்டஸ் எங்கே நிற்கிறான் என்று பார்த்தான், பந்து எங்கே குத்துகிறது என்று பார்த்தான், அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"வறுவேலு, கோலி வரேல்ல. பந்து உனக்குத்தான். நீ எடு."

வறுவேல் தூக்கின காலை இறக்கவில்லை. அவன் அடித்த அடியில் பந்து கிரவுண்டைத் தாண்டி, தென்னை வரிசையைத் தாண்டி, கடலுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது, எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, வெகுதூரத்தில் மிதந்து மேற்கே போவதைப் பார்த்ததாக வள்ளத்தில் வந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். கோயிலில் ஜெபமணி அடித்தது, கிழவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பந்து திரும்பி வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வாசல்களில் குழம்பு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்த யாருக்கும் மனமில்லை.

ஆனால் பந்து கடலுக்குப் போன அன்றைக்கு ராத்திரியே குருசடிப் படியில் ஊர் கூடிவிட்டது. நல்ல பந்து, தோலும் தையலும் ஒன்றும் போகாத பந்து, அதைக் கடலுக்குள் அடிக்க என்ன தேவை என்று ரோக்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டான். நானா இருந்தா நெஞ்சில வாங்கி ஓரத்துக்குத் தள்ளியிருப்பேன் என்றான். வறுவேல் செய்தது தவறுதான் என்று பாதிப்பேர், மைக்கில் "எடு" என்றுதானே சொன்னார்கள், எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லையே என்று மீதிப்பேர். தீர்ப்புக்கு இஞ்ஞாசியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள்.

இஞ்ஞாசி வீட்டில் இல்லை. டெல்பின் வீட்டு அடுக்களையில், குட்டை முக்காலியில், வாய் நிறையக் கிழங்கோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் வறுவேல் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. வந்தவன் வாசலில் நின்று, யாரு மேல தப்புன்னு கேக்காவ அண்ணே, ஒரு வார்த்த சொன்னாப் போதும் என்றான். இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான்.

"சாப்பிடுத நேரத்துல எனக்க அண்ணன் பேச மாட்டான்," என்றாள் டெல்பின், இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டே. "பொறவு வா."